ஐம்பத்திரண்டு சீட்டும் ஒரு தமிழ்ச் சொல்லும்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் வீதியோரத்து உணவகம் ஒன்றில், இரவுக் கூட்டம் கலைந்து, பையன்கள் மேசைகளைத் துடைக்கத் தொடங்கிவிட்ட நேரத்தில், கல்யாண விருந்துகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் சீட்டு வித்தை காட்டிப் பொருளீட்டும் இளைஞர் ஒருவர், அந்த வாரம் அமெரிக்காவில் வெளியாகியிருந்த புதிய வித்தை ஒன்றின் பாடத்தைத் தம் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். திரையில் முகம் இல்லை. கறுப்பு விரிப்பின்மேல் இரண்டு கைகள் மட்டுமே இருந்தன. மேலேயுள்ள இரண்டு சீட்டுகளுக்கும் மற்றக் கட்டுக்கும் நடுவே இடக்கைச் சுண்டுவிரல் நூலிழையளவு சந்து விட்டுப் பிடித்திருப்பதை, பாடம் சொல்பவர் மூன்று கோணங்களிலிருந்து, வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நம் இளைஞர் தே தாரேக் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டுத் தம் கட்டை எடுத்து அப்படியே செய்து பார்த்தார். முதல் தடவை இரண்டு சீட்டும் விலகித் தெரிந்தன. நான்காம் தடவை ஒரே சீட்டுப்போல் ஒட்டிக்கொண்டு திரும்பின. பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கை வந்துடும் சார், ரெண்டு வாரத்துல. வாய்தான் வரமாட்டேங்குது."

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையைத் தொடர்ந்து சென்று பார்த்தபோது, நாள்தோறும் புதிது புதிதாகச் சந்தைக்கு வரும் சீட்டு வித்தைப் பாடங்கள் எதைக் கற்பிக்கின்றன, எதைக் கற்பிக்காமல் விடுகின்றன, அந்த விடுபட்ட பாகத்தைக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ் வித்தைக்காரர் எங்கிருந்து பெறுவது என்ற விசாரணையில் நான் கொண்டுபோய் விடப்பட்டேன்.

முதலில் சொற்களைச் சற்றுக் கவனிப்போம். வாத்ஸ்யாயனர் வரிசைப்படுத்திய அறுபத்துநான்கு கலைகளுள் இந்திரஜாலம் ஒன்று. அதனின்று வேறாக ஹஸ்தலாகவம் என்று மற்றொன்றும் கூறப்பட்டிருக்கிறது. லாகவம் என்பது இலேசான தன்மை. கையின் இலேசு என்று பொருள்படும் இச்சொல்லுக்கு, பிரெஞ்சுக்காரர்கள் கைவித்தைக்கு இட்ட பெயர் அணுவும் பிசகாமல் பொருந்துவது வியப்புக்குரியது. தமிழில் வழங்கும் செப்பிடு வித்தை, பேச்சில் செப்படி வித்தை, சிறு கிண்ணமாகிய செப்பின் அடியில் பந்தை வைத்து மறைத்து வெளிப்படுத்தும் ஆட்டத்தால் வந்த பெயர். மலாய்க்காரர்கள் 'சிலாப் மாத்தா' என்பார்கள். கண்ணின் பிழை என்று அர்த்தம். ஏவல் பில்லி சூனியத்தைச் சேர்ந்த 'சிஹிர்' என்பதிலிருந்து அதை அவர்கள் தெளிவாகப் பிரித்துவிடுகிறார்கள். நாமும் மாந்திரீகத்தையும் செப்படி வித்தையையும் ஒன்றாகக் குழப்புவதில்லை. சீட்டாட்டத்தில் நாம் துருப்பு என்று சொல்ல, அவர்கள் சீட்டையே 'டாவுன் தெருப்' என்று சொல்வதைக் கேட்கும்போது, இரு மொழிகளும் ஒரே கப்பலிலிருந்து ஒரே சரக்கை இறக்கிக்கொண்டன போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

சரக்கு இறக்குமதி என்பதில் ஐயமில்லை. நம் தெரு வித்தைக்காரரின் மூட்டையில் ஐரோப்பியச் சீட்டுக்கட்டுக்கு இடமிருந்ததில்லை. அவர் தரையில் அமர்ந்து, நான்கு புறமும் ஜனங்கள் சூழ நின்று பார்க்க, செப்பும் பந்தும் கூடையும் வாளுமாக ஆடியவர். சீட்டு வித்தையோ ஒரு மேசையையும், எதிரே மட்டும் அமர்ந்திருக்கும் சபையையும் வேண்டுவது. அந்தத் தரை வித்தையின் பெருமைக்குச் சான்று கூற வேண்டுமானால், 1813-ல் லண்டனுக்குச் சென்று பால் மால் வீதியில் ஆடிய சென்னைக் குழுவினரைச் சொல்லலாம். அக்காலத்தில் அந்நகரில் பிரசித்தி பெற்றவரும் ஆங்கிலேயர் ரமோ சாமி என்று எழுதியவருமான மனிதர் நம் ராமசாமி என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் ஹாஸ்லிட் 1821-ல் இந்தியச் செப்படி வித்தைக்காரரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இவரே காரணபுருஷர் என்று கருதப்படுகிறது. 1850-ல் இறந்தபோது அடக்கச் செலவுக்கே கையில் பணமில்லாமல், மனைவி பத்திரிகை மூலம் உதவி கோர நேர்ந்தது. அவருடைய ரகசியங்களை அவர் யாருக்கும் விலைக்கு விற்றதாகத் தெரியவில்லை; தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் சொத்தாக அவை இருந்தன.

விலைக்கு விற்கும் வழக்கம் மேற்கே வளர்ந்தது. அங்கும் ஆரம்பத்தில் நோக்கம் வியாபாரமாக இருக்கவில்லை. ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் 1584-ல் வெளியிட்ட நூலில் சீட்டு, நாணயம், பந்து வித்தைகளின் உட்பொருளை விளக்கியது, சூனியக்காரிகள் என்று அப்பாவிப் பெண்களைத் தண்டித்த மூடத்தனத்தைக் கண்டிக்கவே ஆகும். கைவித்தையைப் பேய்வித்தை என்று கருதாதீர்கள் என்பதே அவர் வாதம். 1876-ல் ஏஞ்சலோ லூயிஸ் என்ற வழக்கறிஞர், 'பேராசிரியர் ஹாஃப்மன்' என்னும் புனைபெயரில் நவீன வித்தைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டபோது காலம் மாறிவிட்டிருந்தது; படித்த நடுத்தர வகுப்பார் பொழுதுபோக்காகக் கற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆயினும் சீட்டுக்காரர்கள் வேதம்போல் போற்றும் நூல், 1902-ல் சிகாகோவில், எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயருடன் ஆசிரியரின் சொந்தச் செலவில் வெளிவந்தது. பெயருக்குரியவர் யார் என்பது இன்றுவரை நிர்ணயிக்கப்படவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சூதாடி ஒருவரே அவர் என்று ஒரு சாராரும், வேறு பலர் பெயரைச் சொல்லி வேறு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். தமக்குப் பணம் தேவைப்படுகிறது, நூல் விற்றால் அது நிறைவேறும் என்று முகவுரையில் ஒளிவு மறைவின்றி எழுதிவிட்ட அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சமூகத்தைத் திருத்த வந்தேன் என்றோ கலையை வாழ்விக்க வந்தேன் என்றோ அவர் பாசாங்கு செய்யவில்லை. அந்நூலைப் பிள்ளைப் பிராயத்திலேயே மனப்பாடம் செய்த கனடாக்காரர் டாய் வெர்னன், ஒரு வித்தையை மூன்று தடவை பார்த்தால் உபாயத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசிய ஹூடினியை 1922-ல் சிகாகோவில் ஒரே சீட்டு வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து திகைக்க வைத்தார். எர்ட்னேஸ் நூலில் படங்களோடு விளக்கப்பட்ட பிடிகளே, உணவக மேசையில் நான் கண்ட காணொளியிலும் இருந்தன.

அதன்பின் சரித்திரம் துரிதமாக ஓடுகிறது. 1920-களின் பிற்பாதியில் டார்பெல் என்பவரின் 60 பாடங்கள் தபாலில் வந்தன. 1940-களின் இறுதியில் ஹியூகார்டும் பிராவும் சீட்டு வித்தைக்கு ராஜபாட்டை என்று பெயரிட்டு எழுதிய நூல் வந்தது. பின் காணொளி நாடாக்கள், குறுந்தட்டுகள். 1997-ல் டேவிட் பிளேன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தெருவில் நின்று வித்தை காட்டி, காமிராவைப் பார்வையாளர் முகங்களின்மேல் திருப்பியபின், சீட்டு வித்தை இளைஞர்களின் மோகமாகிவிட்டது. எல்லுஷனிஸ்ட், பென்குயின், 2007-ல் தோன்றிய தியரி லெவன் முதலிய, வித்தைப் பாடம் விற்கும் நிறுவனங்கள் இந்த மோகத்தின்மேல் எழுந்தவையே. கிள்ளானிலிருந்து ஒரு புத்தகத்துக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய், லாஸ் வேகஸ்காரர் பார்க்கும் அதே நிமிஷத்தில் பத்து முதல் முப்பது டாலர் வரை செலுத்தி எவரும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஒரு டாலருக்கு நாலு ரிங்கிட்டைத் தாண்டிக் கொடுத்துப் பழகிய நம்மவர்க்கு அது அற்பத் தொகையல்ல. ஒரு பிறந்தநாள் விழாவில் கிடைப்பதில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. துணி வாங்குபவன் பிரித்துப் பார்த்து வாங்குகிறான். ரகசியத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் அப்புறம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கென்னத் ஏரோ என்ற பொருளியலறிஞர் 1962-ல் பொதுவாக அறிவுச் சரக்கு அனைத்துக்கும் எடுத்துக்காட்டிய இந்த முரண்பாடு, வித்தைக் கடையில்தான் பிரத்தியட்சமாகக் காணக் கிடைக்கிறது. ஆகவே விற்பவர் விளைவை மட்டும் காட்டும் ஒரு நிமிஷ விளம்பரப் படத்தைப் போடுகிறார். அதில் எந்தக் கோணம் ஆகாதோ அந்தக் கோணத்தில் காமிரா நிற்காது. எங்கே கை தடுமாறுமோ அங்கே பார்வையாளரின் வியந்த முகம் வந்துவிடும். வாங்கியபின் திருப்பித் தரவும் வழியில்லை. சீட்டைத் திருப்பித் தரலாம், தெரிந்துகொண்டதை எப்படித் திருப்பித் தருவது? சட்டமும் பெரிதாகத் துணை வராது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்கும் செய்முறைக்கும் இயக்கும் முறைக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. பாடம் நடத்தும் காணொளியை நகலெடுப்பது குற்றம். அதில் சொல்லப்பட்ட யுக்தியைச் செய்வது குற்றமாகாது. அமெரிக்காவில் டெல்லர் என்ற பிரபல வித்தைக்காரர், ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்டப் பூவிதழ் உதிரும் தம் காட்சிக்காகத் தொடுத்த வழக்கில் 2014-ல் வெற்றி பெற்றார் என்றால், அதை அவர் 1983-லேயே ஊமை நாடகமாகப் பதிவு செய்து வைத்திருந்ததே காரணம். நாடகத்துக்கு உரிமை உண்டு, உபாயத்துக்கு இல்லை.

உள்ளே இருக்கும் சரக்கு உண்மையில் புதிதா என்று கேட்டால், பெரும்பாலும் பழைய அரிசியும் புதுச் சாக்குமே என்பது என் அபிப்பிராயம். மெய்யான புதுமைகள் அபூர்வம். அவற்றுள் சில கணிதத்திலிருந்து வந்தவை. 52 சீட்டை அடுக்கக்கூடிய வகைகள் 68 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். நன்றாகக் கலைக்கப்பட்ட கட்டு எதுவும் முன்னொருபோதும் இதே வரிசையில் அமைந்திராது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் நன்றாகக் கலைப்பது என்பது எத்தனை தடவை? பதினான்கு வயதில் வீட்டைவிட்டு டாய் வெர்னனோடு ஊர் சுற்றக் கிளம்பிப் பின்னாளில் கணிதப் பேராசிரியரான பெர்சி டயாகோனிஸும் டேவ் பேயரும் 1992-ல் ஏறக்குறைய ஏழு தடவை என்று விடை கண்டார்கள். இரண்டு மூன்று தடவை கலைத்துவிட்டு எல்லாம் கலைந்துவிட்டதாக நம்பும் சபையோரின் அந்த நம்பிக்கையே வித்தைக்காரரின் மூலதனம்.

இனி கிள்ளானுக்கு வருவோம். ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடையும் சேலைக்கடையும் கடந்து, வித்தை நடக்கும் விருந்து மண்டபத்துக்குள் நுழைந்தால், காணொளியில் தென்படாத ஒரு சங்கடம் முதல் நிமிஷத்திலேயே முளைக்கிறது. பாடங்கள் எல்லாம் கட்டை இடக்கையில் பிடிக்கச் சொல்லுகின்றன. வலக்கை வேறு காரியத்தில் ஈடுபட்டிருக்கும் க்ஷணத்தில், கட்டை இடக்கையாலேயே பார்வையாளர் முன் நீட்டி வெட்டச் சொல்லும்படி பல வித்தைகள் அமைந்திருக்கின்றன. மண்டபத்தில் முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா அமர்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் குடும்ப நண்பரான மலாய்க்கார ஹாஜி அமர்ந்திருக்கிறார். இருவருக்கும் இடக்கையால் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதல்ல, வாங்கிக்கொண்டு முகம் சுளிப்பார்கள், அந்தச் சுளிப்போடு வித்தை செத்துவிடும். ஆகவே நம்மவர் அந்த இடத்தில் கட்டை வலக்கைக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி தேட வேண்டும். மாற்றினால் சுண்டுவிரல் பிடித்திருந்த சந்து போய்விடும். போகாமலிருக்க மேசையில் வைத்து எடுக்கும் புதிய நடை ஒன்றை வகுக்க வேண்டும். நான் சந்தித்த இளைஞர் இதற்கு இடக்கை முழங்கையை வலக்கையால் தொட்டுக்கொண்டு நீட்டும் மரியாதைப் பாவனையைக் கையாண்டார். பெரியவர்கள் மகிழ்ந்தார்கள், சந்தும் பிழைத்தது.

ஒன்பது வயதில் விபத்தில் வலக்கையை இழந்து, இடக்கை ஒன்றாலேயே சீட்டு வித்தையில் சிகரம் தொட்ட அர்ஜென்டினாக்காரர் ரெனே லாவாந்தை (1928–2015) இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. அவர் கை மெதுவாகவே இயங்கும். ஸ்பானிய மொழியில் கதையும் கவிதையுமாகப் பேசிக்கொண்டே போவார். கேட்பவர்கள் பேச்சில் லயித்திருக்கையில் ரொட்டித் துணுக்கு கிண்ணத்துக்கு மீண்டு வந்திருக்கும். அவரைப்போலவே ஸ்பெயின் தேசத்து ஹுவான் தமரிஸும் தம் தாய்மொழியின் கூச்சலும் கேலியுமாகவே ஆடுபவர். சீட்டு வரிசையை நினைவில் வைத்து ஆடும் முறைபற்றிய அவர் நூல் 2000-ல் ஸ்பானிய மொழியில் வெளிவந்து, நான்கு ஆண்டு கழித்தே ஆங்கிலமாயிற்று. ஆங்கிலம் அறிந்தவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். நமக்கு அண்டையில், கேரளத்திலும் செப்பும் பந்தும் ஆடிய வாழக்குந்நம் நம்பூதிரியின் பரம்பரை, மலையாளப் பேச்சின் நகைச்சுவையைக் கைவிடாமல் வளர்ந்தது. 1996-ல் திருவனந்தபுரத்தில் கோபிநாத் முதுகாடு வித்தைக் கலாசாலை ஒன்றையே நிறுவினார்.

தமிழில் வாய் வரவில்லை என்ற குறைக்கு மொழி காரணமா? எனக்குத் தோன்றுவது நேர்மாறாக இருக்கிறது. வித்தைக்காரர்களிடையே நெடுங்காலமாக அச்சேறிப் பழகிய உபாயம் ஒன்றை உதாரணமாகக் கொள்கிறேன். கோட்பாட்டைச் சொல்வதால் எவர் பிழைப்பும் கெடாது. மேசைமேல் நான்கு சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. எந்தச் சீட்டு கடைசியில் மிஞ்ச வேண்டும் என்பது வித்தைக்காரருக்கு முன்னமே தெரியும். பார்வையாளரோ தாமே சுயேச்சையாகத் தெரிவு செய்ததாக நம்ப வேண்டும். ஆங்கிலப் பாடம் இந்த இடத்தில் மிக்க சிரமப்பட்டு, தெரிவு என்றும் நீக்கம் என்றும் பொருள்படாத நடுத்தரமான வாக்கியங்களைச் செதுக்கித் தருகிறது. அதைத் தமிழாக்க முற்பட்டவர் பள்ளியில் படித்த செந்தமிழை நம்பி, "இரண்டு சீட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்" என்றால் தீர்ந்தது காரியம். தேர்ந்தெடுத்தது தேர்ந்தெடுத்ததுதான், பின்வாங்க வழியில்லை.

"ரெண்டு சீட்டு எடுங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எடு என்ற வினை தமிழில் இரு முகம் கொண்டது. பரிசை எடு என்றால் உனக்காக்கிக்கொள் என்றும், இலையை எடு என்றால் அப்புறப்படுத்து என்றும் ஆகிறது. வேறுபாட்டைக் காட்டுவது பின்னால் வந்து ஒட்டும் துணைவினை: எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துவிடுங்கள். பார்வையாளர் கை இரண்டு சீட்டின்மேல் படிந்தபின், வேண்டிய சீட்டு அவற்றுள் இருந்தால், "எடுத்தாச்சா அக்கா? நீங்களே வெச்சுக்குங்க" என்கிறார் வித்தைக்காரர்; இல்லாவிட்டால், "எடுத்தாச்சா அக்கா? அதை ஓரமா வெச்சுடுங்க" என்கிறார். இரு வாக்கியமும் முதற்பாதியில் ஒன்றே. தீர்ப்பு இறுதிச் சொல்லில் இருக்கிறது. கொள், விடு என்ற இரு சிறு துணைவினைகள் செய்யும் வேலையைச் செய்ய, மேல்நாட்டு ஆசிரியர் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. வினையும் எதிர்மறையும் கடைசியில் நிற்பது நம் வாக்கிய இயல்பாதலால், "நீங்க மனசுல நெனச்ச சீட்டு இஸ்பேட் ராணி" என்று இழுத்து நிறுத்தி, கேட்பவர் கண்ணிமையைப் பார்த்துவிட்டு, "-தானே" என்றோ, "-ன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க, நீங்க அப்படி இல்ல" என்றோ முடிக்க அவகாசம் கிடைக்கிறது. எதிர்மறைக் கேள்வியால் இதே காரியத்தைச் சாதிக்கும் தந்திரம் ஆங்கிலத்திலும் உண்டு. எனினும் அது பயின்று பெறுவது, நமக்கு இது பால்குடியிலேயே வந்தது.

சீட்டுக்கட்டு என்றதும் முகம் திரும்பும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டக் காலத்தில் சம்பளநாள் இரவுகளில் சீட்டு அழித்த குடும்பங்களின் நினைவு பாட்டிமாரிடம் ஆறாமல் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டத்தின் பெயரைக் கேட்டறியாதவர்க்கும், ஐந்தடிப் பாதையில் நாலுபேர் சீட்டோடு உட்கார்ந்தால் போலீஸ் வரும் என்பது தெரியும். ஆகையால் நம் இளைஞர் கட்டை வெளியில் எடுக்குமுன் சில நிமிஷம் வெறும் நாணயத்தோடு பேசிக் காலங்கடத்துகிறார். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று அவர் வாயில் வரும் பழம்பெயர்களைக் கேட்டதும் தாத்தாமார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்தப் பெயர்களை எந்தப் புதிய வெளியீடும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மற்றொரு விசேஷம்: 1951-ல் ஏற்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருக்கிறது; வெள்ளைக்கோல் தரையைத் தட்டும் ஓசை இந்த வீதிகளின் அன்றாட ஓசை. இளம் பிராயத்திலேயே பார்வை குன்றத் தொடங்கி, பின் அதை முற்றிலும் இழந்தும் சீட்டைக் கையாளுவதில் நிகரற்றவர் என்று பெயர் பெற்ற அமெரிக்கர் ரிச்சர்ட் டர்னரைப் பற்றி 2017-ல் ஆவணப்படம் ஒன்று வந்தது. எத்தனை சீட்டு வெட்டப்பட்டது என்பதை அவர் விரல் அறியும். காணொளியை அரை வேகத்தில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் கட்டைவிரலின் அழுத்தம் இவ்வளவு என்பதைத் திரை காட்டாது. கண்ணால் கற்கத் தொடங்கினாலும் கடைசிப் பாடம் தோல் கற்பதாகவே இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழில் சீட்டு வித்தை காட்டும் அன்பர்கள், மண்டபம் மண்டபமாக அலைந்து தாமே கண்டுபிடித்த வாக்கியங்களை, எந்த இடத்தில் "அக்கா" என்று நிறுத்தினால் சிரிப்பு எழுந்தது, எந்தச் சொல்லால் வித்தை கெட்டது என்பதோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். உபாயங்களைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். பேச்சை மட்டும் நாற்பது பக்கச் சிறு நூலாக அச்சிட்டால் போதும். உணவகத்து இளைஞர் முதல் பிரதியை முன்பணம் கொடுத்தே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.